வளர்த்துப் பறக்கவிட்டால் போதாதா? சிறு வெண்ணெற்றி வாத்தைப் பற்றி ஒரு பதில்

கூந்தன்குளத்தில் வரித்தலை வாத்துகளைப் பார்த்துவிட்டு வந்த ஆர்வத்தில் காட்டு வாத்துகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படிப் படித்தபோது, ஐரோப்பாவின் வடகோடியில் கூடு கட்டும் சிறு வெண்ணெற்றி வாத்து சில பத்து இணைகளாகச் சுருங்கிவிட்டது என்று தெரிந்துகொண்டீர்கள். உலகம் முழுவதும் எண்ணினால் அதே பறவை பல்லாயிரம் இருக்கிறது, கூண்டிலும் சிரமமில்லாமல் குஞ்சு பொரிக்கிறது என்பதையும் படித்திருக்கிறீர்கள். "பிறகு எதற்கு இத்தனை பதற்றம்? ஆண்டுக்கு நூறு குஞ்சுகளை வளர்த்துப் பறக்கவிட்டால் தீராதா?" என்பது உங்கள் கேள்வி.

எண்ணிக்கை குறைவதைப் பற்றிக் கேட்பதுபோல் இருந்தாலும், எண்ணிக்கையை எங்கே நிரப்புவது என்பதுதான் இந்தக் கேள்வியின் உள்ளே இருக்கிறது. கூட்டிலா, வழியிலா? இதே யோசனை 1970களின் இறுதியில் சுவீடனில் ஒருவருக்கு வந்தது. அவர் அதைச் செய்தும் பார்த்தார். அதனால் உங்கள் கேள்விக்கு ஊகத்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை. நாற்பது ஆண்டு அனுபவம் இருக்கிறது.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிறுவயதிலேயே நோர்வேயின் வடக்கே ஃபின்மார்க்குக்கு வந்தவன். அங்கே மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்ய வந்த தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. பின்னர் சூழலியல் படித்தேன். ஈரநிலப் பறவைகளைக் கணக்கெடுப்பதே என் தொழிலாக இருந்து வருகிறது. இந்த வாத்தின் ஐரோப்பியத் தடத்தைப் பற்றி ஓரளவு உறுதியுடன் பேசுவேன். சீனாவுக்குப் போகும் கூட்டத்தைப் பற்றிப் படித்த அளவுக்குத்தான் சொல்ல முடியும்.

முதலில் பெயர். தமிழில் வாத்து என்றால் குளத்து வாத்தும் அதுதான், கழுத்து நீண்ட பெரிய காட்டு வாத்தும் அதுதான். எங்கள் ஊரில் தாரா என்போம்; அதற்கும் இந்த வேறுபாடு கிடையாது. புல் மேய்ந்து, குடும்பமாக வாழ்ந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வலசை போகும் பெரிய வாத்து இனங்களில் சிறியது இது. நெற்றியில் வெள்ளைப் பட்டை இருக்கும் என்பதால் வெண்ணெற்றி வாத்து என்று நான் சொல்லிப் பழகிவிட்டேன். இதைவிடப் பெரிய உறவினம் ஒன்று உண்டு, பெரு வெண்ணெற்றி வாத்து. அது இலட்சக்கணக்கில் இருக்கிறது, பல நாடுகளில் சட்டப்படி வேட்டையாடப்படுகிறது. இந்த இரண்டுக்கும் உள்ள தோற்ற ஒற்றுமைதான் நம் கதையில் பாதித் துயரத்துக்குக் காரணம். நோர்வே மொழியில் இதன் பெயருக்குக் குள்ள வாத்து என்று பொருள். ஃபின்லாந்துக்காரர்கள் கூவும் வாத்து என்கிறார்கள். அந்தப் பெயர்தான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் கண்ணில் படுவதற்கு முன்பே அதன் கீச்சுக் குரல் காதில் விழுந்துவிடும்.

போர்சாங்கர் என்ற நீண்ட கடற்கிளையின் மேற்குக் கரையில் வால்டாக் என்றொரு சதுப்பு நிலம் இருக்கிறது. மே மாத நடுவில், மலைகளில் பனி உருகாமல் கிடக்கும்போதே, கிரீஸிலிருந்து புறப்பட்ட வாத்துகள் அங்கே வந்து இறங்கும். கூடு கட்டும் மேட்டு நிலத்துக்குப் போகுமுன் இரண்டு மூன்று வாரம் உப்புநிலப் புல்லைத் தின்று உடம்பைத் தேற்றிக்கொள்ளும். கண்காணிப்புக் கோபுரத்தில் தொலைநோக்கியோடு உட்கார்ந்தால் இரவு பதினொரு மணிக்கும் வெளிச்சம் இருக்கும். கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம், உச்சந்தலை வரை ஏறும் வெள்ளை நெற்றி, வால் நுனியைத் தாண்டி நீளும் இறக்கை நுனி, சின்ன இளஞ்சிவப்பு அலகு, பொறுமையே இல்லாமல் கொத்திக்கொத்தி மேயும் வேகம் என்று எல்லாவற்றையும் அங்கே நிதானமாகப் பார்க்கலாம். வயிற்றில் கறுப்புத் திட்டுகள் உண்டு. முதிர்ந்த ஒரு பறவையின் திட்டு மற்றொன்றுக்கு இருக்காது, நம் கைரேகைபோல. அந்தத் திட்டுகளைப் படம்பிடித்து வைத்து, வால்டாக்கில் மே மாதம் பார்த்த அதே இணையை ஹங்கேரியிலும் கிரீஸிலும் அடையாளம் கண்டிருக்கிறார்கள். காலில் வளையம் மாட்டாமலேயே ஒரு பறவையின் வரலாற்றைத் தொடர முடிகிறது. கூட்டம் அவ்வளவு சிறியது என்பதால்தான் இது முடிகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எண்ணிக்கையில் உறுதியானவற்றைச் சொல்கிறேன். 2008இல் ஆப்பிரிக்க-யூரேசிய நீர்ப்பறவை ஒப்பந்தத்தின் கீழ் இந்த இனத்துக்கெனப் பன்னாட்டுச் செயல்திட்டம் எழுதப்பட்டபோது, நோர்வே-ஃபின்லாந்துப் பகுதியின் காட்டுக் கூட்டத்தில் 20 முதல் 30 இணைகள்தான் இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே பகுதியில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பறவைகள் இருந்திருக்கும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. அது மதிப்பீடுதான், யாரும் அன்று எண்ணிப் பார்க்கவில்லை. உலக அளவில் 24,000 முதல் 40,000 வரை என்று சொல்கிறார்கள். அவற்றில் பெரும்பகுதி ரஷ்யாவின் வடக்கே கூடு கட்டுபவை. அவற்றிலும் ஒரு கூட்டம் கசகஸ்தான் வழியாகக் காஸ்பியன் கடற்கரைக்கும் ஈராக்கின் ஈரநிலங்களுக்கும் போகிறது. இன்னொன்று கிழக்கே சீனாவுக்குப் போகிறது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இந்த இனம் முழுவதுமே அழிவாய்ப்புள்ளது என்ற வகையில் வைக்கப்பட்டிருக்கிறது.

அப்படியானால் ஐரோப்பியக் கூட்டம் அழிந்தாலும் இனம் வாழும்தானே என்று கேட்பீர்கள். நேர்மையான பதில்: ஆம், உடனே இனம் அழியாது. ஐரோப்பியக் கூட்டம் தனித்த மரபுக் கிளையா என்பதிலும் கருத்து ஒன்றுபடவில்லை. தாய்வழி மரபணுவில் வேறுபாடு தெரிகிறது. ஆனால் ஆண் பறவைகள் ரஷ்யக் கூட்டத்தோடு கலந்துகொள்வதற்கான தடயமும் இருக்கிறது. எனவே "ஒப்பற்ற மரபுச் செல்வம்" என்று மேடையில் சொல்வதுபோல நான் சொல்ல மாட்டேன். என் கவலைக்குக் காரணம் வேறு. போர்சாங்கரிலிருந்து ஹங்கேரியின் புல்வெளி வழியாகக் கிரீஸ் போகும் அந்தப் பாதை இந்தச் சில பத்து இணைகளின் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. குஞ்சுகள் பாதையை முட்டையிலிருந்து கொண்டுவருவதில்லை. முதல் இலையுதிர் காலத்தில் தாய் தகப்பனோடு பறந்து, குளிர்காலம் முழுவதும் அவற்றோடு மேய்ந்து, வசந்தத்தில் அவற்றோடு திரும்பி வந்து கற்றுக்கொள்கின்றன. வரித்தலை வாத்தும் அப்படித்தான். கற்பிக்கும் தலைமுறை போய்விட்டால், அடைகாக்கும் பெட்டியிலிருந்து ஆயிரம் குஞ்சுகளை எடுத்து விட்டாலும் அவற்றுக்கு ஹங்கேரியின் ஹோர்டோபாஜ் புல்வெளி எந்தத் திசையில் இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை.

இனி சுவீடன். லாம்பார்ட் வான் எஸ்ஸன் என்ற உயிரியலாளர் 1981இல் தொடங்கியது அந்த முயற்சி. சுவீடனில் இந்த வாத்து ஏறத்தாழ மறைந்துவிட்டிருந்தது. தென்கிழக்கு ஐரோப்பா வழியாகப் போகும் பழைய பாதையில் துப்பாக்கிகள் அதிகம் என்பது அவருக்குத் தெரியும். எனவே பாதையையே மாற்றிவிட நினைத்தார். பார்னக்கிள் வாத்து என்ற வேறோர் இனம் நெதர்லாந்துக்குப் போய்க் குளிர்காலத்தைக் கழித்துப் பத்திரமாகத் திரும்பும். சிறு வெண்ணெற்றி வாத்தின் முட்டைகளை அந்தப் பறவைகளின் அடியில் வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்து, வளர்ப்புப் பெற்றோரோடு குடும்பமாக சுவீடனின் வடக்கே உள்ள லாப்லாந்தில் கொண்டுபோய் விட்டார். நாம் கோழியின் அடியில் வாத்து முட்டையை வைப்பதுபோலத்தான். குஞ்சுகள் வளர்ப்புத் தாயின் பின்னால் பறந்து நெதர்லாந்துக்குப் போயின. பெரியவையானதும் தாமாகவே லாப்லாந்துக்குத் திரும்பிக் கூடும் கட்டின. 1999 வரை சுமார் 350 பறவைகள் இப்படி விடப்பட்டன.

இதை யாரும் எளிதாக ஒதுக்கிவிட முடியாது. ஒரு பறவைக்குப் புதிய பாதையைக் கற்பித்து, அந்தப் பாதை அடுத்த தலைமுறைக்கும் போய்ச் சேர்ந்தது என்பது பெரிய சாதனை. இன்றும் நெதர்லாந்தின் வயல்களில் குளிர்காலத்தில் அந்த வாத்துகளின் சந்ததியைப் பார்க்கலாம். இதே காலத்தில் ஃபின்லாந்திலும் வளர்ப்புப் பறவைகளை விட்டுப் பார்த்தார்கள், ஆனால் அவை வேரூன்றவில்லை.

சுவீடன் திட்டத்தில் இரண்டு குறைகள் தெரியவந்தன. ஒன்று, வேறோர் இனத்தைத் தாயாக நினைத்து வளர்ந்த சில பறவைகள் துணை தேடும்போதும் அந்த இனத்தையே தேடின. பார்னக்கிள் வாத்தோடு இணைந்து கலப்புக் குஞ்சுகளும் பிறந்தன. மற்றொன்று இதைவிடப் பெரியது. வளர்ப்புக் கூட்டம் ஐரோப்பாவின் பறவை வளர்ப்பாளர்களிடமிருந்து வாங்கிய பறவைகளால் ஆனது. மரபணுவைச் சோதித்தபோது, சில பறவைகளில் பெரு வெண்ணெற்றி வாத்தின் கலப்பு இருப்பது தெரிந்தது. வளர்ப்பாளர்களின் கொல்லையில் எத்தனையோ தலைமுறைக்கு முன் நடந்த கலப்பு அது; வெளித்தோற்றத்தில் ஒன்றும் தெரியாது. அத்துடன் விடுவிப்பது நிறுத்தப்பட்டது. அதன் பிறகு நடந்த விவாதம் கசப்பானது. ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கும் பறவைகளைப் பிடித்துக் காட்டிலிருந்து அகற்றிவிட வேண்டும், இல்லையென்றால் எஞ்சியிருக்கும் உண்மையான காட்டுக் கூட்டத்தோடு கலந்துவிடும் என்று ஒரு தரப்பு வாதிட்டது. லாப்லாந்தில் மீண்டும் இந்தக் குரல் கேட்கக் காரணமே அவைதான், அவற்றை எப்படி அகற்றுவது என்று மறுதரப்பு கேட்டது. கடைசியில் அவற்றை விட்டுவைத்தார்கள். வளர்ப்புக் கூட்டத்தை மட்டும் மாற்றி, ரஷ்யாவின் காட்டிலிருந்து பறவைகளைக் கொண்டுவந்து புதிதாகத் தொடங்கினார்கள். விட்டுவைத்தது சரி என்பதே என் கருத்து. ஆனால் எதிர்த்தவர்களின் அச்சம் வெற்று அச்சம் அல்ல. நூறு பறவைகள் உள்ள கூட்டத்தில் தவறான மரபு ஒருமுறை நுழைந்தால் அதைத் திரும்ப எடுக்க வழியில்லை.

ஆக, "வளர்த்துப் பறக்கவிடலாமா" என்பதற்குச் சுவீடன் தந்த விடை: விடலாம், ஆனால் கவனமாகத் தேர்ந்த பறவைகளை, கற்பிக்கும் பெற்றோரோடு, ஆபத்தில்லாத பாதையில். இந்த மூன்றாவதுதான் முக்கியம். பழைய பாதையில் ஆபத்து அப்படியே இருக்கும்போது அதில் மேலும் பறவைகளை அனுப்புவது, ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போன்றது.

ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்த கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தப் பறவையைப் பற்றி நான் கற்றவற்றில் என்னை மிகவும் உலுக்கியது அதுதான். 1990களிலிருந்து வால்டாக்கில் பிடித்த சில வாத்துகளின் உடலில் செயற்கைக்கோள் கருவியைப் பொருத்தி அனுப்பினார்கள். குளிர்காலத்துக்கு அவை போகும் வழி ஒன்றல்ல, இரண்டு என்பது அப்போது தெரிந்தது. குஞ்சு பொரித்து வளர்த்த இணைகள் கூட்டருகிலேயே இறகு உதிர்த்துப் புது இறகு முளைக்கும்வரை காத்திருந்து, ஆகஸ்டு இறுதியில் குஞ்சுகளோடு வால்டாக்குக்கு வந்து, அங்கிருந்து தெற்கே ஹங்கேரிக்கும் கிரீஸுக்கும் போயின. இது குறுக்கு வழி. கூட்டை இழந்த இணைகள் அப்படிக் காத்திருக்கவில்லை. குஞ்சு இல்லாததால் அவற்றைக் கட்டிப்போட ஒன்றுமில்லை. ஜூலையில் கிழக்கே கிளம்பி, ரஷ்யாவின் கானின் தீபகற்பம், கல்குயேவ் தீவு, சில வேளை இன்னும் தொலைவில் தைமிர் வரை போய் அங்கே இறகு உதிர்த்தன. பிறகு ஓப் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக இறங்கி, வடமேற்குக் கசகஸ்தானின் ஏரிகளில் தங்கி, கருங்கடலின் வடகரையைச் சுற்றி ஒருவழியாகக் கிரீஸுக்கு வந்து சேர்ந்தன. ஒரே கிரீஸ்தான். ஆனால் பாதி ஆசியாவைச் சுற்றி வர வேண்டும்.

அந்தச் சுற்று வழியில்தான் வேட்டை. கசகஸ்தானின் குலிகோல் போன்ற ஏரிகளில் இலையுதிர் காலத்தில் வாத்துகள் பெருங்கூட்டமாகத் திரளும். பெரு வெண்ணெற்றி வாத்தும் சாம்பல் வாத்தும் அங்கே சட்டப்படி சுடத்தக்கவை. சிறு வெண்ணெற்றி வாத்து சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. விடியற்காலை அரையிருட்டில், கலந்து பறக்கும் கூட்டத்தில், தலைக்கு மேல் கடந்துபோகும் பறவையின் கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் இருக்கிறதா என்று எந்த வேட்டைக்காரரால் பார்க்க முடியும்? பலரும் வேண்டுமென்று சட்டத்தை மீறுகிறவர்கள் அல்லர். வேறுபாடே தெரியாமல் சுடுகிறார்கள். வேண்டுமென்று சுடுபவர்களும் இருக்கிறார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இதை ஒரு கணக்கால் காட்டுகிறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை, அளந்தவை அல்ல. நூறு பறவைகள் உள்ள கூட்டத்தில் ஆண்டுதோறும் நூற்றுக்கு 20 என்ற விகிதத்தில் இளம் பறவைகள் பிழைத்துச் சேருகின்றன என்று கொள்ளுங்கள். ஆண்டுதோறும் நூற்றுக்கு 15 பறவைகள் செத்தால், பத்து ஆண்டில் கூட்டம் 160ஐத் தாண்டும். 30 செத்தால், பத்து ஆண்டில் 35 ஆகிவிடும். வித்தியாசம் ஆண்டுக்கு நூற்றுக்குப் பதினைந்தே பறவைகள், அதாவது ஒரு காலை நேர வேட்டை. இந்த வாத்து இரண்டு மூன்று வயதுக்கு மேல்தான் கூடு கட்டத் தொடங்குகிறது, நாலைந்து முட்டை இடுகிறது, சாகாமல் விட்டால் பல ஆண்டு வாழ்கிறது. இப்படிப்பட்ட உயிரினத்தில் ஒரு முட்டை போவதைவிட, பாதை தெரிந்த ஒரு பெரிய பறவை போவதே பெரும் இழப்பு. கூண்டில் குஞ்சு வளர்ப்பது முட்டைக் கணக்கைச் சரிசெய்யும். நட்டம் இருப்பதோ பெரியவற்றின் கணக்கில்.

நோர்வேக்காரர்கள் இதிலிருந்து எடுத்த முடிவு முதலில் கேட்பவர்களுக்குச் சம்பந்தமில்லாததுபோல் தோன்றும். கூடு கட்டும் பகுதியில் செந்நரிகளைக் கட்டுப்படுத்தத் தொடங்கினார்கள், 2008 வாக்கில். செந்நரி அந்த மேட்டு நிலத்துக்கு முன்பு அவ்வளவாக வராத விலங்கு. குளிர் தணிந்ததும், செத்த கலைமான்களும் மனிதர் விட்டுச்செல்லும் தீனியும் கிடைப்பதும் அதை மேலே ஏற்றிவிட்டன. நரி கூட்டைத் தின்றால் நான்கு முட்டை போகும் என்பது மட்டுமல்ல. கூட்டை இழந்த தாயும் தகப்பனும் கிழக்கே கிளம்பிக் கசகஸ்தானின் துப்பாக்கிக்கு எதிரே போய் நிற்கும். நரியைத் தடுத்தால் குஞ்சு பிழைக்கும், குஞ்சு பிழைத்தால் பெற்றோர் குறுக்கு வழியில் போகும், குறுக்கு வழியில் போனால் பெற்றோரும் பிழைக்கும். ஃபின்மார்க்கில் ஒரு நரியைப் பிடிப்பதால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு வாத்து சுடப்படாமல் இருக்கலாம்.

இங்கே நிறுத்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். இது அழகான விளக்கம். அழகாக இருப்பதாலேயே ஐயப்பட வேண்டிய விளக்கமும்கூட. நரிக் கட்டுப்பாட்டுக்குப் பிந்திய ஆண்டுகளில் கூட்டம் பெருகியது உண்மை. கிரீஸிலும் ஹங்கேரியிலும் எண்ணியபோது நூறைத் தாண்டியது, நான் அந்த ஆண்டுகளில் உண்மையாகவே மகிழ்ந்தேன். ஆனால் நரிக் கட்டுப்பாடுதான் காரணம் என்று நிறுவுவது கடினம். வடதுருவ நிலத்தில் லெம்மிங், வயல்வெளி எலி போன்றவை மூன்று நான்கு ஆண்டுச் சுழற்சியில் பெருகிக் குறையும். எலி நிறைந்த ஆண்டில் நரி வாத்துக் கூட்டைத் தேடாது. எலி அற்றுப்போன ஆண்டில் கூட்டைத்தான் தேடும். வாத்தின் இனப்பெருக்கத்தில் இந்தச் சுழற்சியின் தடம் தெளிவாகத் தெரிகிறது. நரி பிடித்ததன் தடத்தை அதிலிருந்து பிரித்துக் காட்ட முயன்ற ஆய்வுகள் உறுதியான விடை எதற்கும் வரவில்லை. அதே ஆண்டுகளில் கிரீஸில் காவலும் பலப்பட்டது. எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தால் எதற்கு எவ்வளவு பங்கு என்று சொல்ல முடியாது. கட்டுப்பாட்டைத் தொடர வேண்டும் என்பதே என் நிலைப்பாடு, ஏனென்றால் நிறுத்திப் பார்க்கும் அளவுக்குப் பறவைகள் கையில் இல்லை. ஆனால் "நிரூபணமானது" என்று எழுத மாட்டேன்.

ஐம்பதுகளில் தொடங்கிய அந்தப் பெருஞ்சரிவுக்கு என்ன காரணம் என்பதும் இப்படித்தான். வேட்டை ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. 1954 முதல் சோவியத் அரசு கசகஸ்தானின் புல்வெளிகளை உழுது கோதுமை நிலமாக்கியது, பால்கன் பகுதியின் சதுப்புகள் வடிக்கப்பட்டன. இவையும் சேர்ந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் அன்றைய கணக்கெடுப்பு இல்லாமல் எது எவ்வளவு என்று பங்கு பிரிப்பது ஊகம்தான்.

கிரீஸைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. இந்த வாத்துகள் அங்கே வந்து தங்கும் கெர்கினி ஏரி இயற்கையானது அல்ல. ஸ்ட்ரிமோன் ஆற்றை மறித்து 1932இல் உருவான நீர்த்தேக்கம். அதன் கரையில் எருமைகள் மேய்கின்றன. கிரீஸில் எருமைகள் அதிகம் இருக்கும் இடமே அதுதான். முதல் முறை அங்கே போனபோது, சேற்றில் படுத்திருந்த எருமைகளையும் முதுகில் நின்ற கொக்குகளையும் பார்த்து ஒரு கணம் கிளிநொச்சிக் குளக்கரைக்கே வந்துவிட்டதுபோல் நின்றுவிட்டேன். இந்த வாத்தின் அலகு சின்னது, அதற்குக் குட்டையான இளம் புல் வேண்டும். உயர்ந்து முற்றிய புல்லில் அது மேயாது. எருமை மேய்ந்து குட்டையாக்கிய கரையில்தான் வாத்து இறங்குகிறது. ஹங்கேரியின் ஹோர்டோபாஜிலும் இதே கதை. ஆடும் மாடும் மேய்ந்த புல்வெளி, பக்கத்தில் இரவு தங்க மீன் வளர்ப்புக் குளம். மந்தையை நிறுத்திவிட்டு நிலத்தைச் "சும்மா விடுவது" இந்தப் பறவைக்கு நன்மை அல்ல. நம் ஊர்களில் சரணாலயம் என்றதும் முதலில் மாடுகளை விரட்டுகிறோம். எல்லா இடத்திலும் அது தவறு என்று சொல்லவில்லை, ஆனால் எந்தப் பறவைக்காக என்று கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும்.

கெர்கினியிலிருந்து வாத்துகள் துருக்கி எல்லையில் இருக்கும் எவ்ரோஸ் கழிமுகத்துக்குப் போகும். அங்கே வேட்டை நடக்கிறது, திருட்டு வேட்டையும் நடக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் இயற்கைப் பாதுகாப்புக்கு நிதி தரும் லைஃப் திட்டத்தின் பணத்தில் காவல் சுற்றுகள் நடந்தன, வேட்டைக்காரர்களிடம் நேரில் பேசினார்கள், இரண்டு வாத்துகளையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்த படங்களைக் கொடுத்தார்கள். இவற்றில் சட்டத்தைவிடப் பேச்சுதான் அதிகம் வேலை செய்கிறது என்பது பல இடங்களில் கண்ட அனுபவம். பல வேட்டைக்காரர்கள் இந்தப் பறவையை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள். அவர்களைக் குற்றவாளிகளாக நடத்தித் தொடங்கும் உரையாடல் அங்கேயே முடிந்துவிடும்.

சீனக் கூட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. அது குளிர்காலத்தில் பெரும்பாலும் ஹுனான் மாகாணத்தின் கிழக்கு டோங்டிங் ஏரியை நம்பியிருக்கிறது. ஏரி வற்றும்போது வெளிப்படும் சேற்றில் முளைக்கும் கோரைப் புல்தான் தீனி. யாங்சி ஆற்றில் மூன்று பள்ளத்தாக்கு அணை வந்தபின் இலையுதிர் காலத்தில் நீர் முன்கூட்டியே இறங்குகிறது. புல்லும் முன்கூட்டியே முளைத்து, வாத்துகள் வந்து சேரும்போது முற்றி உயர்ந்துவிடுகிறது. அங்கே எண்ணிக்கை வெகுவாக இறங்கியிருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. பல்லாயிரம் இருக்கிறதே என்ற உங்கள் நிம்மதிக்கு இது முக்கியமான குறிப்பு. ஓர் ஏரியின் நீர்மட்ட அட்டவணை அதில் பெரும்பங்கை ஆட்டிப் பார்க்கும்.

எனவே உங்கள் யோசனை தவறு என்று சொல்லவில்லை. வளர்ப்புக் கூட்டம் ஒன்று சுத்தமான மரபோடு இருப்பில் இருக்க வேண்டும். எல்லாம் கைவிட்டுப் போனால் அது ஒன்றே மிஞ்சும். ஆனால் இன்று கையில் ஒரு கோடி ரூபாய் இருந்தால் எங்கே செலவிடுவீர்கள் என்று என்னைக் கேட்டால், கூண்டுக்குக் கொஞ்சம் வைத்துவிட்டு மீதியைக் கசகஸ்தானின் ஏரிக்கரைகளுக்கு எடுத்துப் போவேன். அங்கே செப்டம்பர், அக்டோபர் இரண்டு மாதம், ஒரு சில ஏரிகளில் மட்டும், வாத்துகள் தங்கும் நாள்களில் வேட்டையை நிறுத்தி வைக்க முடிந்தால் போதும். அதற்கு உள்ளூர் மக்கள் ஒப்ப வேண்டும், அவர்களுக்கு ஈடு கிடைக்க வேண்டும். இது கூண்டில் குஞ்சு பொரிப்பதைவிடக் கடினமான வேலை. படம் பிடித்துக் காட்டவும் ஒன்றும் இருக்காது, அதனால் பணம் கிடைப்பதும் கடினம்.

நீங்கள் இந்தியாவில் இருப்பதால் கடைசியாக ஒன்று. சிறு வெண்ணெற்றி வாத்து தமிழ்நாட்டுக்கு வருவதில்லை. வட இந்தியாவில் மிக அரிதாக, சாம்பல் வாத்துகளோடும் வரித்தலை வாத்துகளோடும் கலந்து ஒன்றிரண்டு தென்பட்டதுண்டு. டிசம்பரிலோ ஜனவரியிலோ அந்தப் பக்கம் போனால், கூட்டத்தில் கொஞ்சம் சின்னதாக, அவசர அவசரமாக மேயும் ஒரு வாத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதலில் கண்ணைப் பாருங்கள், மஞ்சள் வளையம். பிறகு அது பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருந்து வயிற்றைப் படமெடுங்கள், இரண்டு பக்கமும். நெற்றியைவிட வயிறுதான் எங்களுக்கு வேண்டும்.